இரண்டு தெரு முன்னால்

ஓட்டுநர் பள்ளிக் காரில் கற்றுக்கொடுப்பவர் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும். இருபத்தாறு வருடம் அதை மிதித்தவர் அவர். ஊரில் பிரேக் வாத்தியார் என்றால்தான் தெரியும். பரீட்சை நாளில் தனியாக ஓட்டும்போதுதான் பலருக்குப் புரியும், இத்தனை நாள் வண்டியை நிறுத்தியது தாங்கள் இல்லை என்று.

மகனுக்கு வெளியூருக்கு மாற்றல் வந்தபோது, அவனுக்குச் சொல்லாமல் அவனுடைய மேலதிகாரிக்குப் போன் செய்து, பையனுக்கு உடம்பு தாங்காது என்றார். மாற்றல் ரத்தானது. விஷயம் தெரிந்த அன்று மகன் வேலையையும் வீட்டையும் விட்டுப் போனான். எட்டு வருடம் பேச்சு இல்லை. இப்போது அவனுக்கு மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை இருந்தாள். அவர் பார்த்ததில்லை.

மகள்தான் அண்ணனிடம் கெஞ்சிச் சம்மதம் வாங்கினாள். தன் காரிலேயே அவரை அழைத்துப் போனாள்.

"மாறிட்டார்னு உனக்குத் தோணினா கூட்டிட்டு வா, இல்லேன்னா பாதியிலேயே திரும்பிடுன்னு சொல்லியிருக்கான்பா."

"நான் வாயே திறக்கலம்மா. பொம்மை மாதிரி வரேன்."

"பொம்மைக்கே பெல்ட் போட்டியான்னு கேக்கிற ஆளு நீங்க."

சிரித்தார். வழியெல்லாம் சொல்ல வேண்டியதை மனதுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார். முதல் வருடம் அந்த மன்னிப்பில் நிறையக் காரணங்கள் இருந்தன. வருடத்துக்கு ஒன்றாக உதிர்ந்து, 'தப்பு என்னோடதுதான்' மட்டும் மிஞ்சியிருந்தது. ஒரு மணி நேரம் உண்மையாகவே வாய் திறக்கவில்லை.

மகன் வீட்டுக்கு இரண்டு தெரு முன்னால், ஒரு கிடங்கின் வாசலிலிருந்து லாரி பின்னால் நகர்ந்தது. அவர் கை போய் ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டது. கார் குலுங்கி அணைந்தது. பிறகுதான் பார்த்தார். லாரி எப்போதோ நின்றிருந்தது. டிரைவர் போகச் சொல்லிக் கையசைத்துக்கொண்டிருந்தான்.

"நான் பாத்துட்டேன்பா. அவனும் நின்னுட்டான்."

"கை தானா போயிடுச்சும்மா."

"அன்னிக்குப் போனும் தானா போயிடுச்சா?"

பட்டால் புத்தி வரும் என்பார்கள். வந்தது. அவருக்கு வாய் வரைக்கும்தான் வந்தது. இப்படியொரு மாணவன் வந்திருந்தால் இன்னும் பத்து வகுப்பு வேண்டும் என்று எழுதியிருப்பார். அவருக்கு வயது அறுபத்து நான்கு. அந்தக் குழந்தை நாளைக்கு சைக்கிள் கேட்கும். பிறகு எங்காவது போகிறேன் என்று சொல்லும்.

மகள் ஹேண்ட்பிரேக்கை இறக்கினாள். பிறகு வண்டியைக் கிளப்பி முதல் கியரைப் போட்டாள்.

"திருப்பிடும்மா," என்றார். "நான் போகக் கூடாது."

கிளட்சிலிருந்து காலை எடுக்காமல் அவரைப் பார்த்தாள்.

"இதையும் நீங்கதான் முடிவு பண்ணணுமாப்பா?"

அவள் வண்டியை ஓரமாக நிறுத்தி அண்ணனுக்குப் போன் செய்தாள். அவன் எடுத்ததும், யாருப்பா என்று பின்னால் ஒரு குழந்தை கேட்பது அவருக்கும் கேட்டது.

"இல்லண்ணா," என்றாள் மகள். "நாங்க வரல."