யூனிட்டைச் சரிபார், செல்லமே

போன வருஷம் ஆடி மாதம், ஹைதராபாத் ஏ.எஸ்.ராவ் நகரில், எங்கள் வீட்டு டைனிங் டேபிளில் நடந்தது இது. நாச்சாரத்தில் நான் வேலை பார்த்த மருந்து கம்பெனி லேபை மூடிவிட்டார்கள். வீட்டிலிருந்தபடியே வேறு வேலை பிடித்திருந்தேன். முகம் தெரியாத மாணவர்கள் இணையத்தில் கெமிஸ்ட்ரி, ஃபிஸிக்ஸ் ஹோம்வொர்க் கணக்குகளை அனுப்புவார்கள். நான் படிப்படியாகப் போட்டு அனுப்ப வேண்டும். கணக்கைத் திறந்ததுமே திரையில் கடிகாரம் ஓட ஆரம்பித்துவிடும். அந்தப் பதில் இணையத்தில் யார் தேடினாலும் கிடைக்கும், ஆனால் அதில் என் பெயர் இருக்காது. அதனால் ஓர் ஆசைக்கு, எல்லா விடைக்கும் கீழே "யூனிட்டைச் சரிபார், செல்லமே" என்று இங்கிலீஷில் ஒரு வரி ஒட்டிவிடுவேன்.

என் ஒரே மகள் அப்போது இன்டர் முதல் வருஷம், நம் ஊர்க் கணக்கில் பிளஸ் ஒன். காலேஜில் வாராவாரம் டெஸ்ட். அந்த மார்க்கை வைத்துத்தான் செக்‌ஷன் பிரிப்பார்கள். எல்.கே.ஜி.யிலிருந்து கூடப் படிக்கும் தோழியோடு முதல் செக்‌ஷனில் எப்படியோ தொற்றிக்கொண்டிருந்தாள். அவளை விட்டுப் பிரியக் கூடாது என்பதுதான் என் மகளின் கவலையெல்லாம்.

ஒரு சாயங்காலம் நோட்டோடு வந்து நின்றாள்.

"அம்மா, ஒக்க டவுட். கேஸ் வால்யூம் கணக்கு."

"இப்போ நக்கோடீ, டைம் ஓடிட்டிருக்கு. அப்புறம் வா."

"பர்வாலேதும்மா" என்று தெலுங்கில் பரவாயில்லை சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அப்புறம் அவளும் வரவில்லை, நானும் கூப்பிடவில்லை.

அடுத்த வாரம் டெஸ்ட் பேப்பரோடு வந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது. அதே கணக்கு டெஸ்டில் வந்திருக்கிறது. இருபத்தேழு டிகிரி செல்சியஸைக் கெல்வினாக மாற்ற 273-ஐக் கூட்ட வேண்டும். கூட்டாமல் இருபத்தேழையே போட்டிருந்தாள். நாற்பத்தொன்பது லிட்டர் வர வேண்டிய இடத்தில் நாலு லிட்டர் சொச்சம். அந்த ஒரு கணக்கில் முதல் செக்‌ஷன் போய்விட்டது. எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"இதுகூடவா தெரியாது? எந்த மடையனைப் பாத்து எழுதினே?"

"நெட்ல இருந்துச்சும்மா. ஹோம்வொர்க்குக்கு அதைத்தான் எழுதினேன். டெஸ்டுக்கும் அப்படியே மனப்பாடம் பண்ணிட்டேன்."

பேப்பரைத் திருப்பினேன். விடைக்குக் கீழே அவள் கையெழுத்தில், "யூனிட்டைச் சரிபார், செல்லமே." ஈயடிச்சான் காப்பி என்பார்களே, அதேதான். வாத்தியார் அந்த வரியைச் சிவப்பில் வட்டமிட்டு ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார்.

அதை எந்த அவசரத்தில் போட்டேன் என்பது நினைவில்லை. எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி படித்தவள் செய்கிற தப்பா அது? வெட்கமாக இருந்தது. "அந்த மடையன் நான்தான்" என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். "சரி, போய்ச் சாப்பிடு" என்றேன்.

அவள் போன பிறகு இணையத்தில் அந்த விடை இருந்த பக்கத்தைத் தேடிப் பிடித்தேன். ஒருமுறை அனுப்பிய விடையை மாற்ற வழியில்லை. தளத்துக்காரர்களுக்கு எழுதிப் போட்டேன், பதில் வரவில்லை.

புது செக்‌ஷனில் அவளுக்குப் பேச்சுத்துணை இல்லை. தோழியின் போனும் குறைந்துபோனது. "இனிமே என்கிட்டயே கேளுடீ" என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். "பர்வாலேதும்மா, நீ பிஸி" என்று கதவைச் சாத்திக்கொள்கிறாள்.

ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். என் வீட்டில் அது பலிக்கவில்லை. அந்த வேலையை இன்னும் செய்கிறேன், அந்த வரியை மட்டும் ஒட்டுவதில்லை. என் மகளுக்குத் தமிழ் பேசினால் புரியும், படிக்க வராது. அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன். ஆனாலும், யாராவது இதை அவளுக்குப் படித்துக்காட்டிவிட மாட்டார்களா என்றும் இருக்கிறது.