வரைபடக்காரருக்காக நாங்கள் போட்ட சட்டங்கள்

இப்போது பையன்கள் பில்லியர்ட்ஸ் ஆடுவதைப் பார்த்தால் எனக்கு எரிச்சலாக இருக்கிறது. எந்தப் பந்து எந்தப் பையில் விழுந்தாலும் கைதட்டுகிறார்கள். குறி வைத்த பந்துதானா அது என்று ஒருவரும் கேட்பதில்லை. நான் கேட்டால், "சும்மா விளையாட்டுதானே தாத்தா" என்கிறார்கள். வெள்ளைக்காரன் ஆண்ட முப்பதுகளில் பிரிக்பீல்ட்ஸில் நாங்கள் அந்தச் சும்மா விளையாட்டுக்கு எத்தனை சட்டம் போட்டோம், எத்தனை முறை திருத்தினோம் என்பது இவர்களுக்கு எங்கே தெரியும்?

ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் எங்கள் கிளப் இருந்தது. இரண்டு அறைகள். ஒன்றில் கேரம் பலகைகள் மூன்று. மற்றதில் ஒரே ஒரு பில்லியர்ட்ஸ் மேசை. ரப்பர் தோட்டத்து வெள்ளைக்காரர்கள் கழித்துப் போட்ட மேசை அது. மாட்டு வண்டியில் வந்து இறங்கியபோதே பச்சைத் துணியில் நான்கு தையல்கள் இருந்தன. ஆறு பைகளில் ஒன்றுக்கு வலை இல்லை, சணல் கயிற்றால் நானே பின்னிக் கட்டினேன். கிள்ளான் ரயில் போகும்போது மேசை நடுங்கும். பையின் வாயில் நிற்கிற பந்து தானாக உள்ளே விழும். ரயில் போட்ட பந்து யாருடைய கணக்கில் சேரும் என்று இரண்டு வாரம் சண்டை. யாருடைய கணக்கிலும் சேராது, எடுத்து நடுவில் வைக்க வேண்டும் என்று கடைசியில் நான்தான் தீர்ப்புச் சொன்னேன்.

ஆட்டம் எளிது. பதினைந்து சிவப்புப் பந்துகளை முக்கோணமாக அடுக்குவோம். குச்சியால் வெள்ளைப் பந்தை அடித்து, அதால் சிவப்பைத் தள்ளிப் பையில் போட வேண்டும். போட்டவர் மறுபடி ஆடலாம், தவறினால் அடுத்தவர் முறை. முதலில் எட்டுப் பந்து போட்டவர் ஜெயித்தவர்.

வரைபடக்காரர் வரும்வரை இதில் ஒரு குறையும் இல்லை. அவர் யாழ்ப்பாணத்துக்காரர். ரயில்வேயில் பாலங்களுக்கும் பாதைகளுக்கும் வரைபடம் போடுகிற வேலை, அதனால் எங்களுக்கு அவர் வரைபடக்காரர். வயது நாற்பதுக்கு மேல். மனைவி மக்கள் ஊரில். இஸ்திரி போட்ட வெள்ளைக் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டுவார், குச்சி முனையில் சாக்குக்கட்டி தேய்ப்பார், குனிவார். பிறகு எட்டுப் பந்தும் வரிசையாக விழும். எதிராளி முக்கோணத்தை உடைத்ததோடு சரி, அப்புறம் குச்சியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

ஒரு சனிக்கிழமை, சரக்குக் கொட்டகையில் எழுத்தராக இருந்த என் நண்பன் குச்சியைச் சுவரில் சாய்த்தான். அவன் கிள்ளானில் பிறந்து வளர்ந்தவன். உடம்பும் பெரிது, வாயும் பெரிது.

"அண்ணே, உங்களோட ஆடுறது சாமி ஊர்வலம் பாக்கிற மாதிரி இருக்கு. நின்னு கும்பிட்டுட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். நான் கேரமுக்கே போறேன் லா."

அவன் பின்னால் மற்றவர்களும் போனார்கள். அடுத்த வாரம் முழுக்க வரைபடக்காரர் தனியாக மேசையைச் சுற்றிக்கொண்டிருந்தார். தானே அடுக்கினார், தானே உடைத்தார், தானே போட்டார். பக்கத்து அறையில் எங்கள் சிரிப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் கதவுப் பக்கம் திரும்பிப் பார்ப்பார். வெள்ளிக்கிழமை என்னிடம் வந்தார்.

"தம்பி, ஈப்போ ஸ்டேசனுக்கு மாற்றம் கேட்கலாமோ எண்டு யோசிக்கிறன். நான் எப்பிடி ஆடுவன் எண்டு அங்க ஒருத்தருக்கும் தெரியாது. கொஞ்ச நாளைக்கெண்டாலும் என்னோட ஆடுவினம்."

நான் பெஞ்சில் நகர்ந்து இடம் கொடுத்தேன்.

"பின்னேரம் ஆனா அறைக்குள்ள நான் தனிய என்ன செய்யிறது? நீங்கள் என்ன சட்டம் வேணுமெண்டாலும் போடுங்கோ, நான் மறுக்கமாட்டன். விளையாட மட்டும் வாங்கோ."

சட்டம் போடச் சொல்லி ஒருவர் என்னிடம் கேட்டது அதுதான் முதல் தடவை. நானும் கிள்ளான்காரனும் உட்கார்ந்து யோசித்தோம்.

முதல் சட்டம்: எந்தப் பந்து, எந்தப் பை என்று அடிப்பதற்கு முன்பே சொல்ல வேண்டும். வரைபடக்காரர் சொன்னார், சொன்னபடி போட்டார். எட்டுக்கு எட்டு. முன்பு பேசாமல் தோற்கடித்தவர் இப்போது அறிவித்துவிட்டுத் தோற்கடித்தார்.

இரண்டாவது சட்டம்: வெள்ளைப் பந்து முதலில் மேசை ஓரத்து ரப்பரில் பட்டுத் திரும்பி வந்துதான் சிவப்பைத் தொடலாம். சட்டம் என்றால் எல்லாருக்கும் பொது என்று நான் பிடிவாதம் பிடித்தேன். அன்று மாலை முழுக்க நானும் கிள்ளான்காரனும் சேர்ந்து போட்ட பந்து பூஜ்யம். வரைபடக்காரர் மேசை ஓரத்தில் விரலால் கோணம் அளந்து பார்த்தார், இருமினார், போட ஆரம்பித்தார். கோணம் பார்ப்பதுதான் அவர் தொழில் என்பது எங்களுக்கு அப்போதுதான் உறைத்தது. மறுநாளே, சட்டம் அவருக்கு மட்டும் என்று திருத்தினோம். அவர் அதற்கும் தலையாட்டினார்.

அப்படியும் ஜெயித்தார். கிள்ளான்காரன் நெற்றியில் அடித்துக்கொண்டான்.

"ஒரே வழிதான் இருக்கு. இடது கையால ஆடச் சொல்லு."

மூன்றாவது சட்டமாக எனக்கு அது பிரமாதமாகப் பட்டது. எங்கள் வீடுகளில் இடது கை என்பது ஒரே ஒரு வேலைக்குத்தான். அதால் சாப்பிடக் கூடாது, எழுதக் கூடாது, ஒருவருக்கு ஒரு பொருள் கொடுக்கக் கூடாது. மரியாதையாக வளர்ந்த, அதிலும் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படித்த மனிதருக்கு இடது கையில் எங்கிருந்து வித்தை வரும்? கேரம் அறையிலிருந்து ஐந்து பேர் வேடிக்கை பார்க்க வந்தார்கள்.

வரைபடக்காரர் குச்சியைக் கை மாற்றினார். பிறகு குனிந்து அடித்தார். பந்து பையில் விழுந்த சத்தம் முன்பு கேட்ட சத்தம் போலவே இல்லை. அடுத்தது, அடுத்தது. பந்துகள் அவருக்குப் பயந்து ஓடி ஒளிவதுபோல் போய் விழுந்தன. எட்டும் போட்டார். நிறுத்தாமல் மிச்சம் ஏழையும் போட்டார். நிமிர்ந்தபோது முகமெல்லாம் சிரிப்பு.

"எனக்குப் பிறவியிலேயே இடக்கைதான்" என்றார். "சின்ன வயசில அடிச்சு அடிச்சு மாத்திப்போட்டினம். இந்தக் கைக்கு ஒருத்தரும் வேலை குடுக்கேல்லை. நீங்கள்தான் குடுத்தனீங்கள். நல்லாயிருப்பீங்கள்!"

வேடிக்கை பார்க்க வந்த ஐந்து பேரும் கேரமுக்குத் திரும்பிப் போனார்கள். அவர் முகத்தில் சிரிப்பு மெல்ல இறங்கியது. கோட்டை எடுக்க ஆணிப் பக்கம் நடந்தார்.

கிள்ளான்காரன் சும்மா இருக்க மாட்டாதவன். "கோவிச்சுக்காதீங்க அண்ணே. இன்னும் ஒரு ஆட்டம். வலது கையே போதும்" என்று கூப்பிட்டான். நான் அலுப்போடு மறுபடி அடுக்கினேன். வரைபடக்காரர் பந்தையும் பையையும் சொல்லிவிட்டுக் குனிந்தார். அந்த நேரம் பார்த்து அவன் கேட்டான்:

"அண்ணே, உங்க ஊர்ல ஒடியல் கூழ் எப்படிக் காய்ச்சுவாங்க?"

அவன் பசியில் கேட்டானா, வேண்டுமென்றே கேட்டானா, எனக்கு இன்றுவரை தெரியாது. வரைபடக்காரர் நிமிர்ந்தார். குச்சியை மேசைமேல் வைத்தார். ஒருவர் கேள்வி கேட்டால் குனிந்தபடி, முகம் பார்க்காமல் பதில் சொல்வது அவர் வளர்ந்த வீட்டில் இல்லாத பழக்கம்.

"முதல்ல, பனங்கிழங்கைக் காயவைச்சு இடிச்ச ஒடியல் மாவைத் தண்ணியில ஊறப்போட வேணும். கசப்பு இறங்க வேணும், கண்டீரோ? பிறகு மீன். ஒரு மீன் காணாது. நண்டு, இறால்..."

பலாக்கொட்டை, பயற்றங்காய், மரவள்ளி, புளி என்று கூழ் கொதிக்கத் தொடங்கியது. பலா இலையைக் கோலி அதில் ஊற்றிக் குடிப்பதைக் கையால் செய்தே காட்டினார். மறுபடி குச்சியை எடுத்தபோது எந்தப் பந்தைச் சொன்னோம் என்பது அவருக்கு மறந்துபோயிருந்தது. அடித்தார். வெள்ளைப் பந்து எதையுமே தொடாமல் மேசையைச் சுற்றிவிட்டு வந்து நின்றது.

கிள்ளான்காரன் கத்தியதில் அடுத்த அறைக்காரர்கள் ஓடி வந்தார்கள்.

அதுவே நாலாவது சட்டமாயிற்று: அவர் குறி பார்க்கும்போது ஒரு கேள்வி கேட்கலாம், பதில் சொன்ன பிறகுதான் அடிக்கலாம். வரைபடக்காரரும் எதிர்க்கவில்லை. கேள்வி கேட்பதற்கென்றே ஆட்கள் வந்தார்கள். கப்பலில் வாந்தி எடுத்தீர்களா, முதன்முதலில் டுரியான் சாப்பிட்டபோது என்ன ஆயிற்று, வீட்டுக்காரம்மா சமையலில் எது மோசம் என்றெல்லாம் கேட்டார்கள். கடைசிக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்ல மறுத்து ஒரு முறையை இழந்தார். அந்த ஆட்டத்தில் கிள்ளான்காரன் எட்டு, அவர் ஆறு. தோற்ற மனிதர் எல்லாருக்கும் தேநீர் சொன்னார். மறுநாள் நாலு பேர் முறைக்குக் காத்திருந்தார்கள். பிறகு ஏழு பேர். கேரம் அறையில் விளக்கே ஏற்றவில்லை. ஈப்போப் பேச்சை அவர் அப்புறம் எடுக்கவே இல்லை.

அடுத்த வாரம் அவர் சொன்னார்: "இந்தக் கேள்விச் சட்டம் எனக்கு மட்டும் ஏன்? எல்லாருக்கும் பொதுவாக்குங்கோ." நியாயம்தானே என்று நானும் சம்மதித்தேன். அன்று மாலை அவரோடு என் ஆட்டம். ஏழு பந்து போட்டுவிட்டேன். எட்டாவது, பையின் வாயிலேயே நின்றது. குழந்தைகூடப் போடும். குனிந்தேன். முறைக்காகப் பெஞ்சில் காத்திருந்த வரைபடக்காரர் தொண்டையைச் செருமினார்.

"தம்பி, உம்மட கலியாணத்துக்கு எத்தினை பேர் வந்தவை?"

எத்தனை என்று கேட்டுவிட்டுப் பந்தை அடிக்கச் சொன்னால் எப்படி? நான் நிமிர்ந்தேன். பெண் வீட்டார் காஜாங்கிலிருந்து வந்தவர்கள் முப்பத்திரண்டு. எங்கள் பக்கம் நாற்பத்தொன்பது. கைக்குழந்தைகளைச் சேர்ப்பதா வேண்டாமா? சாப்பிடாமல் போன இரண்டு மாமாக்களை எதில் வைப்பது? பெஞ்சில் இருந்த ஏழு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நான் சரியான எண்ணிக்கை சொல்லிவிட்டுத்தான் குனிந்தேன். பந்து விழவில்லை. மேசைக்கு வந்து குச்சியைப் பிடுங்கிக்கொண்ட வரைபடக்காரர், "இப்ப என்ர முறை, வழி விடுங்கோ" என்றார்.