பல் பொம்மியும் பஸ் பொம்மியும்

யூனிஸ் டீச்சரிடம் இரண்டு ‘ப’ உண்டு. ஒன்று பல் ப, இன்னொன்று பஸ் ப. பல் என்று சொன்னால் வருகிற சத்தம் வேறு, பஸ் என்று சொன்னால் வருகிற சத்தம் வேறு. தமிழில் இரண்டுக்கும் ஒரே எழுத்தை வைத்து நாம் காலம் தள்ளிவிடுகிறோம். கன்னடத்தில் அது நடக்காது, தனித்தனி எழுத்து வேண்டும். அதே மாதிரி கல் க, கேட் க. டீ ட, டப்பா ட. இந்தப் பெயர்களெல்லாம் பாடப் புத்தகத்தில் கிடையாது, டீச்சர் தாமாக வைத்துக்கொண்டவை. எதற்காக வைத்துக்கொண்டார் என்பது மூன்று வருஷம் கழித்துப் போன மாதம்தான் எனக்குத் தெரிந்தது.

டீச்சர் கோலார் தங்கவயலில் பிறந்தவர். அப்பா சுரங்கத்தில் வேலை பார்த்தார். படிப்பு முழுக்கத் தமிழில். சுரங்கம் மூடியதும் தினமும் விடியற்கால ரயிலில் பெங்களூர் வந்து, கார்மெண்ட்ஸில் சட்டைக் காலர் தைத்துவிட்டுத் திரும்புவார். கல்யாணத்துக்குப் பிறகு லிங்கராஜபுரத்துக்குக் குடிவந்தார். என் வீட்டுக்கு மூன்றாவது வீடு. கன்னடம் பேச்சு தடையில்லாமல் வரும். எழுத்துதான் வராது. முப்பத்தைந்து வயசில் ஒரு கன்னட எழுத்து அட்டை வாங்கி அடுப்புக்கு மேலே ஒட்டினார். ஒவ்வொரு எழுத்துக்குப் பக்கத்திலும் அதற்குச் சரியான தமிழ் எழுத்தைப் பென்சிலால் எழுதி, குழம்பு கொதிக்கிற நேரத்தில் பார்த்துப் பார்த்துப் படித்தார்.

ஆனேக்கல்லுக்கு அந்தப் பக்கம் காட்டோரத்தில் எலவதொட்டி என்று ஒரு ஊர். தொட்டி என்றால் தண்ணீர்த் தொட்டி இல்லை, இங்கே சின்னக் குடியிருப்புக்கு அதுதான் பெயர். பத்தொன்பது வீடு, எல்லாம் இருளிகர் சனம். இந்தக் காட்டுக்கு நமக்கெல்லாம் முன்னால் வந்தவர்கள். அவர்கள் தங்களுக்குள் பேசுவதைக் கேட்டால் தமிழ் மாதிரியும் இருக்கும், இல்லாத மாதிரியும் இருக்கும். அங்கே பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்க ஒரு அறக்கட்டளை மையம் திறந்தது. தமிழ் தெரிந்து கன்னடமும் சொல்லிக்கொடுக்கிற ஆள் வேண்டும் என்றார்கள். யூனிஸ் டீச்சருக்கு வேலை கிடைத்தது. கூட்டிப் பெருக்கவும், டீ போடவும், தகரப் பெட்டிச் சாவியை வைத்துக்கொள்ளவும் என்னைக் கூட்டிக்கொண்டார்.

திங்கள், புதன், வெள்ளி மத்தியானம் இரண்டு மணிக்கு வகுப்பு. சிவாஜிநகர் போய், மார்க்கெட் போய், ஆனேக்கல் பஸ் பிடித்து, கடைசியில் ஷேர் ஆட்டோ. வழியெல்லாம் டீச்சர் பேசிக்கொண்டே வருவார்.

படிக்க வருகிறவர்களில் பொம்மியக்காதான் முதலில் வந்து உட்காருவார். ஐம்பது வயசுக்கு மேலே. காலையில் ரோஜாத் தோட்டத்தில் பூ வெட்டுகிற வேலை. விரலில் எப்போதும் முள் கீறின தழும்பு இருக்கும். மையம் திறந்த மூன்றாம் மாதமே எதையும் பார்க்காமல் தன் பெயரைத் தானே எழுதினார். அந்தச் சமயத்தில்தான் வீட்டு நிலத்துக்கு ஹக்குபத்திரம் கேட்டு விண்ணப்பம் போடச் சொன்னார்கள். வீடு நிற்கிற இடம் உன்னுடையதுதான் என்று சொல்லுகிற காகிதம் அது. மற்ற பதினெட்டு வீட்டுக்காரர்களும் வேறு யாரையாவது எழுதச் சொல்லிக் கைநாட்டு வைத்தார்கள். பொம்மியக்கா மட்டும் “என் பேரை நான்தான் எழுதுவேன்” என்று தாமே எழுதிக்கொடுத்தார்.

போன மாதம் ஒரு திங்கட்கிழமை சேஷகிரி சார் எங்கள் மையத்துக்கே வந்து பெஞ்சில் உட்கார்ந்து காகிதங்களைச் சரிபார்த்தார். ஆனேக்கல் தாலுகா ஆபீஸில் குமாஸ்தா. நல்ல மனுஷர், சர்க்கரை போடாமல் இரண்டு டீ குடித்தார். தமிழும் பேசுவார்.

“பொம்மி யாரம்மா?”

“நான்தான் சார்.”

அவர் ஆதார் கார்டைப் பார்த்தார், விண்ணப்பத்தைப் பார்த்தார், பொம்மியக்கா முகத்தைப் பார்த்தார்.

“கார்டுல பொம்மி. இதுல பொம்மி. நீங்க எந்தப் பொம்மி?”

எனக்கு இரண்டும் ஒரே பெயராகத்தான் கேட்டது. பொம்மியக்காவுக்கு மட்டும் முகம் சுண்டிவிட்டது.

“கார்டுல பஸ் ப சார். அதான் நான். அந்தக் காகிதத்துல பல் ப போட்டுட்டேன். என் தப்புதான். ஆரம்பத்துல தப்பாவே எழுதிட்டிருந்தேன், டீச்சரம்மாகூட அதுக்கு ஒருநாள் கோவிச்சுக்கிட்டாங்க.”

“பஸ்ஸும் பல்லும் எனக்குத் தெரியாதும்மா. கார்டு இருக்கிற பொம்மி அப்ளிகேஷன் போடல. அப்ளிகேஷன் போட்ட பொம்மிக்கு கார்டு இல்ல. நான் யாருக்குக் கொடுக்க?”

பின்னால் உட்கார்ந்திருந்த பைரியக்காவுக்கு வாய் சும்மா இருக்காது. “நாங்க எல்லாம் கட்டை விரலை அமுக்கினோம், ஜம்முனு பாஸாயிடுச்சு. நீ படிச்சே பாரு, நிக்கறே!” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். பொம்மியக்கா சிரிக்கவில்லை.

சேஷகிரி சார் ஃபைலை மூடினார். “வெள்ளிக்கிழமை ஆபீஸ்ல பத்திரம் கொடுக்கறாங்க. ரெண்டு பேரும் ஒரே ஆள்னு காட்ட பழைய காகிதம் ஏதாவது இருந்தா கொண்டாங்க. இல்லேன்னா ஃபைல் மேலே திரும்பிப் போயிடும். எப்ப இறங்கி வரும்னு நான் சொல்ல முடியாது.”

நான் டீச்சரைப் பார்த்தேன். ஏற்கெனவே துடைத்து வைத்த போர்டை அவர் மறுபடியும் துடைத்துக்கொண்டிருந்தார். அன்று திரும்பும்போது பஸ்ஸில் ஒரு வார்த்தை பேசவில்லை. மார்க்கெட்டில் இறங்க வேண்டிய இடத்தில் இறங்க மறந்து உட்கார்ந்திருந்தார், நான்தான் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். பொம்மியக்கா பத்திரத்துக்குப் பொம்மியக்கா கவலைப்படலாம், டீச்சருக்கு என்ன இத்தனை பாரம்? எனக்குள் அது குடைந்துகொண்டே இருந்தது.

புதன்கிழமை டீச்சருக்கு லிங்கராஜபுரத்தில் ஏதோ வேலை இருந்தது, பின்னால் வருகிறேன் என்றார். நான் முன்னால் போய் வழக்கம்போல ஜெபம் பண்ணிப் பூட்டைத் திறந்தேன். பழைய காகிதம் என்று சேஷகிரி சார் சொன்னது நினைவிலேயே இருந்தது. தகரப் பெட்டியைக் கிளறினேன். அடியில் முதல் வருஷத்து வருகைப் பதிவேடு கிடைத்தது.

எங்கள் மையத்தில் ஆஜர் கூப்பிடுகிற பழக்கம் இல்லை. டீச்சர் இடது ஓரத்தில் ஒவ்வொருவர் பெயரையும் அச்சு மாதிரி எழுதி வைப்பார். வருகிறவர்கள் அதைப் பார்த்துத் தங்கள் கட்டத்தில் தங்கள் பெயரை எழுத வேண்டும். எழுதாவிட்டால் கை மறந்துபோகும் என்பார்.

எனக்குக் கன்னட எழுத்து அரைகுறை. சுவரில் இருந்த அட்டையையும் நோட்டையும் மாறி மாறிப் பார்த்தேன். முதல் பக்கத்தில் பொம்மி, பைரி, பசவி மூன்றுக்கும் பல் ப. பொம்மியக்கா கட்டங்களில் மட்டும் இல்லை, இடது ஓரத்திலும் அதே. இடது ஓரத்துக் கையெழுத்து டீச்சருடையது. டிசம்பர் மாதப் பக்கம் திருப்பினால் ஓரத்தில் மூன்று பெயருக்கும் பஸ் ப வந்துவிட்டது. பொம்மியக்கா கட்டங்களில் அதற்குப் பிறகும் சில நாள் பழைய எழுத்து, மேலே அடித்துத் திருத்தி, அப்புறம் மெல்ல மெல்லப் புதுசு.

“பார்த்துட்டீங்களா ரோஸிக்கா?”

டீச்சர் வாசலில் நின்றிருந்தார், செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“எங்க வீட்டு அட்டையில முதல்ல வர்ற ப பக்கத்துலதான் நம்ம ப எழுதி வச்சிருந்தேன். பஸ் ப-வுக்குப் பக்கத்துல எழுத நம்மகிட்ட எழுத்து இல்லையே, அதைக் காலியா விட்டுட்டேன். காலியா விட்டது மண்டையிலயும் ஏறல. காதுல எது கேட்டாலும் அந்த ஒரே ப-தான் கையில வந்துச்சு. டிசம்பர்ல புதுப் புத்தகம் வந்துச்சுல்ல, அதுல பசவன்னு மாட்டுப் படம் போட்டு வேற எழுத்து இருந்துச்சு. அந்த மாட்டைப் பார்த்ததும்தான் என் தப்பு தெரிஞ்சுது.”

“அப்பவே சொல்லியிருக்கலாமே யூனிஸ்.”

“கன்னட டீச்சருன்னு வேலைக்கு வச்சிருக்காங்க. ப தெரியாதவன்னு தெரிஞ்சா? ராத்திரியோட ராத்திரியா பெயர் எல்லாம் மாத்தி எழுதினேன். மறுநாள் பொம்மியக்காவைப் பார்த்து, ‘என்னக்கா, இத்தனை நாளா தப்பா எழுதறீங்க’ன்னு நான்தான் கேட்டேன்.” அப்புறம்தான் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். “அதுக்கப்புறம்தான் பல்லும் பஸ்ஸும் கண்டுபிடிச்சேன். மறுபடி தப்பு வரக்கூடாதுன்னு எனக்காகத்தான்” என்றார்.

“ஜெபம் பண்ணலாமா?” என்றேன்.

“பண்ணலாம். முதல்ல அவங்க வரட்டும்.”

பொம்மியக்கா தோட்டத்திலிருந்து நேராக வந்தார், தலைத்துண்டில் ரோஜா இலை ஒட்டியிருந்தது. டீச்சர் நோட்டை அவர் மடியில் விரித்து, முதல் பக்கத்து ஓரத்தைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னார்.

பொம்மியக்கா அந்த ஓரத்தை விரலால் தடவித் தடவிப் பார்த்தார்.

“அப்ப என் கை தப்பு பண்ணலையா?”

“இல்லக்கா. நான் போட்டதை நீங்க அப்படியே எழுதினீங்க.”

“மூணு வருஷமா அந்த எழுத்து கிட்ட வந்தா என் கை உதறும், டீச்சரம்மா. காட்டு சனத்துக்கு எழுத்து ஒட்டாதுன்னு நினைச்சுக்கிட்டேன்.”

பொம்மியக்கா எழுந்து போய் வாசற்படியில் உட்கார்ந்தார். வகுப்பு நடந்தது, அவர் உள்ளே வரவில்லை. பதிவேட்டிலும் எழுதவில்லை. அவர் கட்டம் காலியாகவே இருந்தது. நாலு மணிக்கு நாங்கள் பூட்டும்போது எழுந்தார்.

“வெள்ளிக்கிழமை நீங்க வருவீங்களா?”

“வருவேன்க்கா.”

“அந்த நோட்டோடயா?”

“நோட்டோட.”

“இதை எல்லார் முன்னாலயும் சொல்வீங்களா?”

“சொல்வேன்.”

வெள்ளிக்கிழமை காலை ஆனேக்கல் ஆபீஸில் நல்ல கூட்டம். பக்கத்து ஊர்க்காரர்களும் வந்திருந்தார்கள். நானும் டீச்சரும் பொம்மியக்காவும் வரிசையில் நின்றோம். எங்கள் முறை வந்ததும் டீச்சர் பதிவேட்டை மேஜையில் வைத்தார். கன்னடத்தில்தான் சொன்னார், சத்தமாகவே சொன்னார். முதல் பக்கத்து எழுத்து என் எழுத்து, தப்பு என்னுடையது, இந்த அம்மா என் எழுத்தைப் பார்த்து எழுதினார்கள் என்று.

சேஷகிரி சார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். “நீங்க கன்னட டீச்சரா?”

“ஆமா சார்.”

பின்னால் யாரோ சிரித்தார்கள். டீச்சரின் கழுத்து சிவந்தது. ஆனால் நகரவில்லை.

சேஷகிரி சார் நோட்டைத் திருப்ப ஆரம்பித்தார். செப்டம்பர், அக்டோபர், நவம்பர். முதலில் வேலைக்காகத்தான் பார்த்தார். டிசம்பர் வந்ததும் அவருக்கே ஆவல் பிடித்துக்கொண்டது. “இங்க பாருங்க, ஒன்பதாம் தேதி அடிச்சிருக்காங்க. பதினொண்ணுல மறுபடி பழசு. பதினாறு, பதினெட்டு... இருபதுல ரெண்டையும் எழுதிப் பார்த்திருக்காங்க!” பக்கத்து மேஜைக்காரரையும் கூப்பிட்டுக் காட்டினார். வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். நானும் எட்டிப் பார்த்தேன். ஒரு எழுத்து இன்னொரு எழுத்தாக மாறுகிறதை நாள் தேதி போட்டுப் பார்ப்பது எனக்கு அதுதான் முதல் தடவை.

“இதைவிடப் பழைய காகிதம் என்ன வேணும்?” என்றார். ஒரு வெள்ளைத் தாளை டீச்சர் பக்கம் தள்ளினார். “ரெண்டு பெயரும் ஒரே ஆளுதான், எனக்குத் தெரியும்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க.”

டீச்சர் எழுதினார். பொம்மியக்கா தோளுக்கு மேலாகக் குனிந்து ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துக்கொண்டே வந்தார். திடீரென்று விரலை நீட்டித் தாளைத் தொட்டார்.

“டீச்சரம்மா. பஸ் ப.”

சரியான பெயர் வரவேண்டிய இடத்தில் டீச்சர் மறுபடியும் பல் ப போட்டிருந்தார்.

“பஸ் எங்கம்மா இங்க?” என்று சேஷகிரி சார் வெளியே எட்டிப் பார்த்தார். பொம்மியக்கா விளக்கினார், பல்லைக் காட்டி ஒரு ப, வாசலில் நின்ற பஸ்ஸைக் காட்டி ஒரு ப. மேஜையே சிரித்தது, டீச்சரும் சிரித்துக்கொண்டே திருத்தினார். பத்திரத்தில் அச்சாகியிருந்த பெயரையும் சேஷகிரி சார் சிவப்பு மையால் திருத்தி, பக்கத்தில் முத்திரை குத்திக் கொடுத்தார். பொம்மியக்கா அதை இரண்டு கையாலும் வாங்கினார். அந்தச் சிவப்பு எழுத்தை மட்டும் மூன்று தடவை வாசித்தார்.

அன்றைக்கே டீச்சர் அறக்கட்டளைக்கும் நடந்ததை எழுதிப் போட்டுவிட்டார். பதில் இன்னும் வரவில்லை. தினமும் ஜெபத்தில் வைக்கிறேன்.

அடுத்த திங்கட்கிழமை பொம்மியக்காதான் முதலில் வந்தார். பதிவேட்டை வாங்கி அன்றைய கட்டத்தில் பெயர் எழுதினார். பிறகு நோட்டை மூடாமல் பின்னுக்கு விரலை ஓட்டி, புதன்கிழமை காலியாகக் கிடந்த கட்டத்தைக் கண்டுபிடித்தார்.

“இதுலயும் எழுதட்டுமா?” என்றார்.

“அன்னைக்கு நீங்க உள்ளே வரலையேக்கா” என்றார் டீச்சர், மெதுவாக.

“வாசப்படி வரைக்கும் வந்தேன்ல?” என்று சொல்லிவிட்டு, பஸ் ப போட்டு எழுத ஆரம்பித்தார்.