கடைசி இடத்தில் அணில்குட்டி

டயாலிசிஸ் அறையின் டிவி ரிமோட் காணாமல் போன வாரத்தில்தான் அந்தச் சண்டை ஆரம்பித்தது. யாரோ கடைசியாகப் போட்டுவிட்டுப் போன குழந்தைகள் சேனலிலேயே டிவி நின்றுவிட்டது. பள்ளி விடுமுறைக் காலம் வேறு. ஒரே ஸ்டுடியோ எடுத்த கம்ப்யூட்டர் கார்ட்டூன் படங்களாகத் தேடிப்பிடித்துக் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று அந்தச் சேனலில் போட்டுத் தள்ளினார்கள். ஒவ்வொரு படமும் தொடங்கும்போது காகிதக் கப்பல் ஒன்று மிதந்து வந்து தொப்பென்று கவிழும். அதுதான் அந்த ஸ்டுடியோவின் முத்திரை. கவிழ்கிற சத்தம் கேட்டதுமே, மணிக்கணக்கில் கையில் ஊசியோடு படுத்துக்கிடக்கிறவர்கள் தலையணையை இழுத்துச் சரிசெய்துகொள்வார்கள்.

அங்கே டெக்னீஷியனாக இருந்தவளை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். வீட்டில் அவளுக்குக் கீச்சு என்று பெயர். சின்ன வயதில் அவள் குரல் அப்படி. பன்னிரண்டு வயதுக்கு மேல் குரல் தடித்து, கரகரத்து, போனில் பேசினால் "சார்" என்கிற அளவுக்கு மாறிப்போனது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

ஓரிடத்தில் நிற்கிற ஆள் இல்லை அவள். மெஷின் சீராக ஓடிக்கொண்டிருந்தாலும் போய்க் குழாயைத் தொட்டுப் பார்ப்பாள். சரியாக ஒட்டியிருக்கிற பிளாஸ்திரியை இன்னொரு தடவை அழுத்துவாள். "காலுல சக்கரமா கட்டியிருக்க? செத்த உக்காரேன்" என்று ஜன்னலோரப் படுக்கைத் தையல்காரம்மா சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டார்.

அந்தப் படங்களுக்குத் தர வரிசை போட்டவன் தையல்காரம்மாவுக்குப் பக்கத்துப் படுக்கைப் பையன். பையன் என்றாலும் இருபத்துநாலு வயது இருக்கும். செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்தான். பஸ், டீக்கடை, டாக்டர்களின் கையெழுத்து என்று கண்ணில் பட்டதற்கெல்லாம் ரேங்க் போடுகிற பழக்கம் அவனுக்கு. அதனால் பெயரே ரேங்கு என்றாகிவிட்டது. நோயாளிகளின் எடையை எழுதுகிற வெள்ளைப் பலகையின் ஓரத்தில் அவன் சொல்லச் சொல்ல, பொழுது போகாத நர்ஸ் ஒருத்தி எழுதினாள். மொட்டைமாடியைப் பார்க்க ஆசைப்பட்ட லிஃப்ட்டின் கதைக்கு முதலிடம். ஜோடியைத் தேடிப் போகும் ஒற்றைச் செருப்புக்கு இரண்டாமிடம். அப்புறம் உயரத்துக்குப் பயந்த மேகம். அதற்கும் கீழே, லீவு கேட்ட அலாரம் கடிகாரம்.

"செருப்புதான் ஃபர்ஸ்ட்டு. அந்தச் செருப்பு மழையில நனைஞ்சுக்கிட்டு நிக்கும் பாரு, என் பசங்க ரெண்டு பேரும் தேம்பித் தேம்பி அழுதாங்க. நானும்தான்" என்றார் தையல்காரம்மா.

"அழ வெச்சா நல்ல படமாம்மா? வெங்காயம்கூடத்தான் அழ வைக்குது" என்றான் ரேங்கு. "லிஃப்ட்டு படத்த எங்க மாமா பெரிய தியேட்டர்ல கூட்டிட்டுப் போய்க் காட்டினாரு. வரும்போது நாங்க அஞ்சு மாடிக்கும் லிஃப்ட்டுலயே ஏறி ஏறி எறங்கினோம். வாட்ச்மேன் தொரத்தினாரு. அந்த நாளுக்கே ஒரு ரேங்க் குடுக்கணும்."

கீச்சு அவன் மெஷினில் அளவைப் பார்த்துக்கொண்டே, காதில் வாங்காதவள்போலக் கேட்டாள். "அணில் படம்னு ஒண்ணு இருக்குமே?"

"அதுவா? கடைசி."

"கடைசின்னா?"

"கடைசின்னா கடைசிதான்கா. அதுக்கும் கீழ எடம் இருந்தா அங்க போட்டிருப்பேன். அந்தக் குட்டி அணில் வாயத் தொறந்தாலே காதுல கம்பிய விட்டுக் கொடையற மாதிரி இருக்கும். யாரப் புடிச்சுப் பேச வெச்சாங்களோ."

கீச்சுவுக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் பிடித்துப் பேச வைக்கப்பட்டவள் அவள்தான்.

அப்போது அவளுக்கு ஒன்பது வயது. தெருவில் இருந்த ஒருவர் டப்பிங் ஸ்டுடியோவில் வேலை பார்த்தார். இவள் மாடியிலிருந்து கத்துவதைக் கேட்டு, அம்மாவிடம் சொல்லி அழைத்துப்போனார். மைக் உயரத்துக்கு எட்டாததால் மரப்பெட்டி ஒன்றின் மேல் ஏற்றி நிறுத்தினார்கள். பெரியவர்கள் மாட்டுகிற ஹெட்போன் காதைவிட்டுக் கழுத்துக்கு வழுக்கி வழுக்கி இறங்கியது. கதை என்னவென்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. திரையில் அணில்குட்டி வாயைத் திறக்கும்போது இவள் திறக்க வேண்டும், மூடும்போது மூட வேண்டும். புதிதாகப் போட்ட அகலமான சாலைக்கு இந்தப் பக்கம் குட்டியும் அந்தப் பக்கம் தாயும் மாட்டிக்கொள்கின்றன; நடுவில் ஓயாமல் லாரிகள். குட்டி படம் முழுக்க ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருக்கும். "அம்மா, நான் வரட்டுமா, நீ வர்றியா?" அந்த ஒரு வரியை எத்தனை விதமாகச் சொல்ல வைத்தார்கள் என்று அவளுக்கே நினைவில்லை. தொண்டை கட்டியதும் வெந்நீர் கொடுத்து மறுபடி பெட்டிமேல் ஏற்றினார்கள்.

படம் வந்தபோது பள்ளியில் சொன்னாள். ஒருவரும் நம்பவில்லை. திரையில் ஓடிய பெயர்களில் அவள் பெயர் இல்லை. வகுப்பில் பேசிக் காட்டச் சொன்னார்கள், பேசியதும் நம்பினார்கள். அப்புறம் ஒரு வாரத்துக்கு அவள்தான் ராணி. அதோடு சரி. குரல் உடைந்த பிறகு ஸ்டுடியோவிலிருந்து யாரும் கூப்பிடவில்லை. படித்தாள், வேலைக்கு வந்தாள், கல்யாணம், ஒரு மகள். ஆனாலும் எந்தக் கூட்டத்தில் நின்றாலும், தன்னைப் பற்றி இவர்களுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது என்கிற கதகதப்பு உள்ளுக்குள் எப்போதும் இருந்தது. அந்தக் கதகதப்பைத்தான் ரேங்கு ஒரே வார்த்தையில் ஊதி அணைத்துவிட்டான்.

அன்று முழுக்க அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் தன் நிறுத்தத்தைத் தாண்டிப் போய் இறங்கினாள். சமையலில் உப்பு இரண்டு தடவை விழுந்தது. "யார் மேல கோவம்?" என்று கேட்ட அம்மாவிடம் "யார் மேலயும் இல்ல" என்று வெடுக்கென்று சொன்னாள். சின்னப் பையன் ஏதோ உளறியதற்கு இப்படியா என்று தன்னையே திட்டிக்கொண்டாள். திட்டியும் பிரயோஜனமில்லை. பலகையில் மற்றவர்களின் எடையை எழுதப் போகும்போதெல்லாம் கண் தானாக, நர்ஸ் அணிலை எழுதிவைத்திருந்த கடைசி வரிக்கு ஓடியது.

அடுத்த முறை ரேங்கு வந்தபோது மெதுவாக வலை விரித்துப் பார்த்தாள்.

"சின்ன வயசுல பாத்தத வெச்சு ரேங்க் போடக் கூடாதுப்பா. இப்ப ஒருதரம் பாத்துட்டுப் போடு."

"நான் பாக்காததா? எனக்கு அந்தப் படம் மனப்பாடம்கா" என்றான் அவன். குரலில் வழக்கமான கிண்டல் இல்லை. "எட்டு வயசுல கிட்னி மொத மொதல்ல மக்கர் பண்ணப்ப ஆஸ்பத்திரியில ரெண்டு மாசம் கெடந்தேன். பசங்க வார்டுல ஒரு டிவி. இருந்தது ஒரே டிஸ்க்கு. காலையில போடுவாங்க, முடியும், திரும்பப் போடுவாங்க. இப்பவும் அந்தக் குரலக் கேட்டா எனக்கு ஸ்பிரிட் வாசனை அடிக்கும்."

கீச்சு அவன் கையில் ஊசி குத்த இருந்தாள். ஒரு நொடி நிறுத்தி, நரம்பை மறுபடி தடவிப் பார்த்துவிட்டுத்தான் குத்தினாள். நான்தான் அது என்று சொல்ல வாய் வரை வந்தது. என்னவென்று சொல்வது? மன்னிப்புக் கேட்பதா, பெருமைப்படுவதா? சொல்லாமலே நகர்ந்து, சரியாக இருந்த தையல்காரம்மாவின் பிளாஸ்திரியைப் போய் அழுத்தினாள்.

அதற்கடுத்த வாரம் ரேங்கு ஏதோ விசேஷ வீட்டுக்குப் போய், குடிக்கக் கூடாத அளவுக்குத் தண்ணீரும் ஜூஸும் குடித்துவிட்டு வந்திருந்தான். எடை எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. உடம்பில் தேங்கிய நீரை மெஷின் இழுக்க இழுக்க, இரண்டாவது மணி நேரத்தில் அவன் அடுத்தடுத்துக் கொட்டாவி விட்டான். ப்ரஷர் இறங்குகிறது என்பதற்கு அதுதான் முதல் அறிகுறி. கீச்சு ஓடிவந்து பார்ப்பதற்குள் அவன் நெற்றி வியர்த்து, உதடு வெளுத்துவிட்டது.

"அக்கா, கண்ணு இருட்டுது."

நீர் இழுப்பதை நிறுத்தினாள். தலைப்பக்கத்தைத் தாழ்த்திக் கால்பக்கத்தை உயர்த்தினாள். சலைனைத் திறந்துவிட்டு டாக்டரைக் கூப்பிடச் சொல்லிக் கத்தினாள். நர்ஸ் ஓடினாள்.

"தம்பி, இங்க பாரு. தூங்காத. பேசு. ஃபர்ஸ்ட்டு படம் எது?"

அவன் இமைகள் சரிந்தன. கன்னத்தைத் தட்டினாள். "ரேங்கு, டேய், செருப்புப் படமா, லிஃப்ட்டுப் படமா?" அதற்கும் அசைவில்லை. அடுத்து என்ன கேட்பது என்று தெரியாமல், யோசிக்காமல், அவள் வாயிலிருந்து அது வந்தது. தொண்டையை இறுக்கி, மூக்கில் ஏற்றி, கீச்சென்று.

"அம்மா, நான் வரட்டுமா, நீ வர்றியா?"

குரல் பாதியில் பிசிறடித்தது. மறுபடி சொன்னாள். மூன்றாவது தடவை ரேங்குவின் புருவம் சுருங்கியது. கண் கொஞ்சமாகத் திறந்தது.

"அக்கா... அது மட்டும் வேணாம்" என்றான் முனகலாக.

டாக்டர் வந்தபோது ப்ரஷர் ஏறத் தொடங்கியிருந்தது. எல்லாம் செய்தாயிற்று, சரியாகத்தான் செய்திருக்கிறாய் என்று சொல்லிவிட்டுப் போனார். கீச்சு முதல் தடவையாக ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தாள். தையல்காரம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது நீயா?" என்றார்.

கீச்சு தலையை மட்டும் ஆட்டினாள்.

ரேங்கு கூரையைப் பார்த்தபடி கிடந்தான். "இன்னொரு தரம் சொல்லுங்க" என்றான். சொன்னாள். "சிரிங்க பாப்போம், அந்த அணில் மாதிரி." சிரித்துக் காட்டினாள். அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

"இந்தக் குரலுக்குச் சொந்தக்காரங்க என்னைக்காவது கையில கெடச்சா நாலு கேள்வி கேக்கணும்னு இருந்தேன். கெடச்சது எனக்கே ஊசி குத்தற ஆளு. என்னத்தக் கேக்கறது?"

தையல்காரம்மாவுக்குச் சிரிப்பு வந்து மெஷின் அலாரம் அடித்தது. கையை ஆட்டாதீங்கம்மா என்று கீச்சு ஓடிப்போய் அதை நிறுத்திவிட்டு வந்தாள். வந்தவள் கேட்டேவிட்டாள். "இப்பவாவது ரேங்க் மாத்துவியா?"

"மாத்த மாட்டேன்."

அவளுக்கு நிஜமாகவே கோபம் வந்தது. அது முகத்தில் தெரிந்திருக்க வேண்டும்.

"படம் மோசம்னு இல்லக்கா" என்றான் அவன். "எனக்குப் பக்கத்துக் கட்டில்ல ஒரு பையன் இருந்தான். என்னைவிடச் சின்னவன். அவனுக்கு அந்த அணில்னா உசுரு. அது 'நான் வரட்டுமா, நீ வர்றியா'ன்னு கேட்டதும், 'நீயே வா'ன்னு கத்துவான். ஒவ்வொரு தடவையும். நர்ஸுங்க திட்டுவாங்க, கேக்க மாட்டான். நானும் சேந்து கத்த ஆரம்பிச்சேன். ஒருநாள் காலையில முழிச்சுப் பாத்தா கட்டில்ல வேற விரிப்பு போட்டிருந்தாங்க. வீட்டுக்குப் போயிட்டான்னாங்க. எட்டு வயசுல அது புரியாதா என்ன? அன்னைக்கும் டிஸ்க்க போட்டாங்க. அணில் கேட்டுச்சு. வார்டுல யாரும் ஒண்ணும் சொல்லல."

டிவியில் மேகம் ஒன்று மலை உச்சியைப் பார்த்துப் பயந்து நடுங்கிக்கொண்டிருந்தது.

அன்று மாலை வீட்டுக்குப் போனதும் கீச்சு அந்தப் படத்தைத் தேடி எடுத்து மகளைப் பக்கத்தில் உட்கார வைத்துப் போட்டாள். பல வருஷங்களாக அவள் முழுதாகப் பார்க்காத படம். மகள் கொஞ்ச நேரம் பார்த்தாள். "அம்மா, இந்த அணில் ஏம்மா சொன்னதையே சொல்லுது? போர் அடிக்குது" என்று பந்தை எடுத்துக்கொண்டு கீழே விளையாடப் போய்விட்டாள். அந்த வயசுல நீயும் சொன்னதையேதான் சொல்லிக்கிட்டிருந்த என்று கீச்சுவின் அம்மா முணுமுணுத்துவிட்டுக் காய் நறுக்க எழுந்து போனாள்.

கீச்சுவும் இரண்டு முறை எழுந்தாள். ஒரு தடவை ஜன்னலை மூட, ஒரு தடவை மூடிய ஜன்னலைத் திறக்க. பிறகு உட்கார்ந்துவிட்டாள். சாலையோரத்தில் நின்று குட்டி கேட்டது. கேட்டு முடித்ததும் படத்தில் ஒரு இடைவெளி இருந்தது. லாரி ஒன்று கடந்துபோகிறது, புழுதி அடங்குகிறது, அதற்கப்புறம்தான் தாய் தலையைத் தூக்குகிறது. அந்த இடைவெளி அவளுக்குத் தெரியாது. பெட்டிமேல் நின்றபோது, வரி முடிந்ததும் திரையை நிறுத்திவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார்கள். அதற்கப்புறம் என்ன வந்தது என்று அவள் கேட்டதில்லை. ஒரு சின்னப் பையன் படுக்கையிலிருந்து "நீயே வா" என்று கத்தி முடிக்கத் தோதான நேரம் அங்கே இருந்தது. கன்னத்தைத் துடைத்துக்கொண்டு, கடைசி எழுத்து ஓடி மறையும்வரை பார்த்தாள்.

விடுமுறை முடிந்தது. புது ரிமோட் வந்து, டிவி செய்திக்கு மாறியது. பலகையிலிருந்த வரிசையை யாரோ துடைத்துவிட்டார்கள். ரேங்கு எடைமெஷினில் ஏறி நல்லபிள்ளையாக நின்றான். எடை அளவோடு ஏறியிருந்தது. கீச்சு ஊசியைக் குத்திக் குழாயை இணைத்ததும், அவன் கையைப் பார்த்துவிட்டுச் சொன்னான்.

"இந்த ஆஸ்பத்திரியில ஊசி குத்தறதுல நீங்க ரெண்டாவது."

"மொதல் யாரு?"

"அதெல்லாம் சொல்ல முடியாது."

அன்று மத்தியானம் வரைக்கும் கீச்சுவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. மற்ற ஷிப்ட்டில் யார் யார் வேலை பார்க்கிறார்கள் என்று நர்ஸிடம் போய் விசாரித்துக்கொண்டிருந்தாள்.