மாடுமாறிக்கு எழுதிய விதி

ஆரோக்கியசெல்வி விழுப்புரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறாள். ஞாயிற்றுக்கிழமை லீவு. அன்றைக்குக் காலையிலேயே பஸ் பிடித்துத் திண்டிவனம் போய்விடுவாள். அங்கே கோகுலகிருஷ்ணன் வீட்டு மாடியில் ஒரு விளையாட்டு நடக்கும். கூடப் படித்த கலைப்பிரியாதான் அவளை முதலில் அங்கே கூட்டிப்போனவள்.

அந்த விளையாட்டில் ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் கதைக்குள் ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு, என்ன செய்யப்போகிறோம் என்று வாயால் சொல்ல வேண்டும். அது பலித்ததா இல்லையா என்பதை இருபது முகம் கொண்ட பகடை முடிவு செய்யும். இங்கிலீஷ் புத்தகங்களில் வரும் ஓநாய் மனிதன் கோகுலுக்கு அலுத்துப்போயிருந்தான். நம் பக்கத்துக் கதைகளில் உருமாறுகிறவர்களை வைத்துத் தமிழிலேயே ஒரு விதிப்புத்தகம் எழுதிக்கொண்டிருந்தான் அவன். எது எப்போது மாறும், எவ்வளவு பலம், எதற்கு அடங்கும் எல்லாவற்றுக்கும் எண் போட்டு வைத்திருந்தான். எழுதியதை முதலில் இவர்களை வைத்து ஆடிப்பார்ப்பான். விதியில் ஓட்டை கண்டுபிடிப்பதில் செல்வி கெட்டிக்காரி.

"முனி மரமா மாறிட்டா கத்தி எப்படிப் படும்? கோடாலிதான படும்?" என்பாள். கோகுல் தலையைச் சொறிந்துகொண்டு திருத்துவான்.

சித்திரை வெயிலில் ஒரு ஞாயிறு. "இன்னைக்குப் புதுசு. எங்க சொந்த ஊருக் கதை. எங்கப்பா அடிக்கடி சொல்லிக்கினு இருப்பாரு," என்று ஆரம்பித்தான் கோகுல். மாடுமாறி என்று பேர் வைத்திருந்தான். பகலில் மனிதன். இருட்டியதும் காளையாகி மல்லாட்டைக் கொல்லையில், அதாவது வேர்க்கடலை வயலில், இறங்கி மேயும். பிடித்து மரத்தில் கட்டி முன்பல் இரண்டையும் தட்டிவிட்டால் சக்தி போய்விடும்.

பிறகு ஊர்ப் பேரைச் சொன்னான். செல்வி கையிலிருந்த பகடையைக் கீழே வைத்தாள்.

அவள் அப்பா மாசிலாமணிக்கு முன்பல் இரண்டும் கிடையாது. கல்யாண மண்டபம் ஒன்றில் வாட்ச்மேனாக இருக்கிறார். அம்மா பொன்னி, செல்வி ஒன்பதாவது படிக்கும்போது ஒரே ஒரு தடவை அந்தக் கதையைச் சொல்லியிருந்தாள். செல்வி கைக்குழந்தையாக இருந்தபோது அவர்கள் அந்த ஊர்க் காலனியில்தான் குடியிருந்தார்கள். மாடாக மாறிப் பயிரை மேய்கிறான் என்று சொல்லி ஊரார் அப்பாவைக் கட்டிவைத்து அடித்தார்கள். விடிந்ததும் மூட்டை கட்டிக்கொண்டு விழுப்புரம் வந்துவிட்டார்கள். "உங்கப்பாகிட்ட இதப்பத்தி வாயத் தொறக்காத," என்று அம்மா சொன்னாள். செல்வியும் திறக்கவில்லை.

இப்போது எழுந்து போயிருக்கலாம். இந்த ஆட்டம் வேண்டாம் என்றாவது சொல்லியிருக்கலாம். ஆனால் தான் எந்த ஊர், எந்தத் தெரு என்று அவள் இந்த மாடியில் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் இவர்கள் பார்க்கிற பார்வை மாறிவிடுமோ என்று பயந்தாள். பேசாமல் ஆடினாள். மாடுமாறி பிடிபட்டது. மரத்தில் கட்டினார்கள். பல்லைத் தட்டும் முறை அவளுக்கு வந்தது. உருட்டினாள். இருக்கிறதிலேயே பெரிய எண், இருபது விழுந்தது.

"செமடி!" என்று கலைப்பிரியா மேஜையைக் குத்தினாள். கோகுல் விசில் அடித்தான். செல்வியும் சிரித்தாள். கையும் தட்டினாள்.

வீட்டுக்கு வந்தபோது அப்பா வழக்கம்போலக் கேட்டார். "இன்னாமா, ஜெயிச்சியா?" அந்த விளையாட்டின் கதைகளைக் கேட்பதில் அவருக்கு ஒரு சந்தோஷம்.

"ஜெயிச்சோம்பா," என்றாள். தலைவலி என்று சொல்லிச் சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அவளால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ரத்தம் எடுக்க வருகிறவர்களிடம் "பயப்படாதீங்க, வலிக்காது" என்று சொல்லும்போதுகூடத் தன் குரலே பொய்யாகக் கேட்டது. வாரக்கடைசியில் கோகுலின் மெசேஜ் வந்தது: "பல்லு ரூல் ஓகேவா? அச்சுக்குக் குடுத்துடலாமா?"

பதில் போடாமல் கல்யாண மண்டபத்துக்குப் போனாள். முகூர்த்தம் இல்லாத நாள். அப்பா கேட்டருகே தனியாக உட்கார்ந்திருந்தார். எல்லாவற்றையும் சொன்னாள். பகடை உருட்டியதையும் கை தட்டியதையும் மறைக்கவில்லை. அவர் முதலில் கேட்டது ஒன்றுதான்.

"யாரு வூட்டுப் புள்ள அது?"

"அரங்கநாதன்னு..."

"ம்." என்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "மேஞ்சது அவங்க மாடுதாம்மா. கயித்த அறுத்துக்கினு பங்காளி கொல்லையில எறங்கிடுச்சி. மாடு யாருதுன்னு வெளிய வந்தா அவங்களுக்குள்ள சண்ட. எம்மேல போட்டுட்டா சண்டயே இல்ல."

செல்வி அழுதாள்.

"அடிச்சதுகூடப் பெருசில்ல. மாடா மாறுனியா, மாறுனியான்னு கேட்டுக் கேட்டு அடிச்சாங்க. தாங்க முடியல. ஆமாங்க, நான்தாங்க மாறுனேன்னுட்டேன். உங்கம்மா ஒன்னத் தூக்கிக்கினு அங்கதான் நின்னுக்கினு இருந்தா. அவ காதுல விழறாப்பல சொன்னேன். அவளும் இதுவரைக்கும் கேட்டதில்ல."

"அப்படி அடிச்சா யாரா இருந்தாலும் சொல்லுவாங்கப்பா."

"தெரியும். தெரிஞ்சும் வெக்கம் போவலியே."

அடுத்த ஞாயிறு அவள் திண்டிவனம் போனாள். பகடையை யாரும் எடுக்கும் முன்பே, "அந்த மாடுமாறி எங்கப்பா," என்றாள். நடந்ததைச் சொன்னாள். கலைப்பிரியா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்கப்பா அத ஜோக்கு மாதிரிதான் சொல்லுவாரு, செல்வி. நெசம்னே தெரியாது. பேர மாத்திடட்டுமா? வேற ஊருன்னு போட்டுக்கலாம்."

"பேரு இல்ல கோகுல். ரூலே பொய்யி. அவரு மாறவே இல்ல."

அவன் லேப்டாப்பைத் திறந்து அந்தப் பகுதியை முழுசாக அழித்தான். பிறகு படியிறங்கிப் போனான். கீழே அரங்கநாதன் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். மகன் கேட்டதற்கு "அந்தக் காலத்துல அப்படித்தான், இப்ப இன்னா அதுக்கு?" என்று அவர் சொன்னது மாடிவரை கேட்டது. டிவி சத்தம் கூடியது.

சில நாள் கழித்துக் கோகுல் விழுப்புரம் வந்தான். வருகிறேன் என்று முன்கூட்டிச் சொல்லவில்லை. பைக்கை நிறுத்திவிட்டுச் செல்வி வீட்டு வாசலிலேயே நின்றான். மாசிலாமணி நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, இவருதான் கோகுல். அரங்கநாதன் மகன்," என்றாள் செல்வி.

அந்தப் பேர் காதில் விழுந்ததும் மாசிலாமணி எழுந்துவிட்டார். தோளில் கிடந்த துண்டு தானாகக் கைக்கு வந்தது. செல்விக்கு உடம்பு கூசிப்போயிற்று.

"உக்காருப்பா நீ," என்றாள் அப்பாவிடம்.

"இருக்கட்டும்மா."

கோகுலும் உட்காரவில்லை. மூன்று பேரும் நின்றுகொண்டே இருந்தார்கள்.

"கொல்லையில இப்ப இன்னா போட்டிருக்காங்க?" என்று மாசிலாமணிதான் முதலில் பேசினார்.

"சவுக்குங்க."

"சவுக்கா? நல்லது. மாடு வாய் வெக்காது."

கோகுல் தலையைக் குனிந்துகொண்டான். "மன்னிச்சிடுங்க ஐயா," என்று கடைசியில் சொல்லிவிட்டான்.

"நீ இன்னா பண்ணுவ தம்பி, பாவம். வெயில்ல வந்திருக்க. தண்ணி குடி."

செல்வி சொம்பைக் கொண்டுவந்து நீட்டினாள். அவன் குடித்துவிட்டுக் கிளம்பினான். பைக் தெருமுனை திரும்புகிறவரை அப்பா நின்றுகொண்டேதான் இருந்தார். "உக்காருப்பா" என்று மறுபடி சொல்ல செல்விக்கு வாய் வரவில்லை.