தகரத்தைச் சுரண்டிய பச்சோந்தி

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். அதனால் எல்லாம் எனக்குத் தெரியும் என்று நினைத்ததுதான் பிழை.

கம்பிவலை அடித்த பெட்டியில் பெண் பச்சோந்தி ஒன்று வளர்த்தேன். குஞ்சு பெருக்கும் ஆசையில், சம்மாந்துறை வயலோரத்தில் பிடித்த ஆணொன்றையும் உள்ளே விட்டேன்.

அண்ணனான என்னைக் காக்கா என்றே அழைக்கும் தங்கச்சி சிரித்தாள். "என்ன காக்கா, பொண்ணுக்கு வீடு கட்டாம மாப்பிள்ளை எடுத்திருக்கீங்க?"

எங்கள் ஊரில் பெண்ணுக்கு வீடு கட்டாமல் கலியாணப் பேச்சே எடுப்பதில்லை. நானும் சிரித்தேன்.

சில வாரங்களில் பெண்ணின் வயிறு பெருத்தது. பிறகு அது இரை தின்னாமல் கீழே இறங்கி, பெட்டியின் தகர அடியைச் சுரண்டத் தொடங்கியது. தப்பியோடப் பார்க்கிறது என்று எண்ணி, திரும்பத் திரும்பப் பெட்டிக்குள் இருந்த கிளையில் தூக்கி வைத்தேன். மூன்று நாளாக வீட்டுக்குள் அந்தச் சத்தம்தான். அதன் நிறம் கறுத்தது, கண்கள் குழிவிழுந்தன.

"காக்கா, அது ஓடப் பாக்கல்ல! கடலாமை மாதிரி முட்டையிட மண் தேடுது!" என்று தங்கச்சி கத்தினாள்.

ஓடிப்போய்க் கிணற்றடி ஈரமணலில் விட்டோம். ஒரு விரல் ஆழம் தோண்டியது, அதற்குமேல் பலமில்லை. பள்ளிவாசலில் பின்னேரத் தொழுகைக்கு அஸர் பாங்கு சொன்னபோது, பள்ளத்துக்குள் தலையை வைத்தபடி செத்துக் கிடந்தது. வயிற்றைத் தொட்டேன். முட்டைகள் விரலில் தட்டுப்பட்டன.

ஆணை அன்றே வயலோரத்தில் விட்டுவிட்டேன். இப்போது யாராவது பச்சோந்திக்குச் சோடி சேர்க்க யோசனை கேட்டு வந்தால், நான் முதலில் பச்சோந்தியைப் பார்ப்பதில்லை. அவர்களுடைய பெட்டிக்குள் கையை விட்டு, அடியில் ஈரமணல் எவ்வளவு ஆழம் என்று பார்க்கிறேன்.