நாய்க்குக் கடிக்குதோ?

அந்த மிருக வைத்தியர் யாழ்ப்பாணத்துக்காரர். ஒல்லியாக, உயரமாக இருந்தார். கண்ணாடி எப்போதும் மூக்கு நுனியில் நிற்கும். ஆட்களை விட்டுவிட்டு நாயிடம்தான், "என்ன ராசா, சுகமோ?" என்று முதலில் கேட்பார்.

எங்கள் நாய்க்கு உடம்பெல்லாம் சொறி. முடி கொட்டி, காதோரம் புண்ணாகியிருந்தது. சாக்கில் சுற்றி, அப்புத்தளையிலிருந்து பதுளைக்குத் தூக்கிக்கொண்டு போனேன்.

"நாய்க்குக் கடிக்குதோ?" என்றார் வைத்தியர்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கடிக்கிற நாயை எங்கள் தேயிலைத் தோட்டத்தில் சுட்டுவிடுவார்கள்.

"சத்தியமா இல்லீங்க ஐயா! இது யாரையும் கடிக்காதுங்க!"

அவர் அதைக் காதில் வாங்கவே இல்லை. நாயின் காது மடலை விரலால் தேய்த்தார். உடனே அதன் பின்னங்கால் சைக்கிள் மிதிப்பதுபோல் அடித்துக்கொண்டது. அவருக்கு ஒரே உற்சாகம்.

"பாருங்கோ, கடிக்குது! நல்லாக் கடிக்குது!" என்று கத்தினார்.

விறாந்தையில் காத்திருந்தவர்கள் ஆட்டோடும் கோழியோடும் வாசலுக்கு ஓடினார்கள்.

"கந்தகத்தைத் தேங்காயெண்ணெயில குழைச்சுப் பூசுங்கோ. படுக்கிற சாக்கை எரிச்சுப் போடுங்கோ. இது மனுசருக்கும் தொத்தும். உங்களுக்கும் கடிக்குதோ?"

"நானும் யாரையும் கடிக்க மாட்டேனுங்க!" என்றேன். அவர் சட்டைக் கையை மடித்து, சிவந்திருந்த முன்கையைப் பறட் பறட்டென்று சொறிந்தார்.

"எனக்குக் கடிக்குது!"

அப்போதுதான் விளங்கியது. எங்கள் தோட்டத்து லய வீடுகளில் அரிப்பதுதான் அவர் ஊரில் கடிப்பது! நாயைக் கட்டிக்கொண்டு சிரித்தேன்.

நாய்க்கு முடி முளைத்துவிட்டது. அவரை நான் மறுபடி பார்க்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து எனக்கு உடம்பு அரிப்பதே இல்லை, கடிக்கத்தான் செய்கிறது.